எழுதுபரப்பின் அளவும் திருத்துவோர் பார்வையும்: கோட்டை ஓலைகள் முதல் இணையத் தொகுப்புப் பெட்டி வரை

முன்னுரை

எழுத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுத்து வடிவம், எழுதுகருவி, எழுதுபொருள் ஆகிய மூன்றையும் விரிவாக நோக்கியுள்ளனர். எழுதுபரப்பின் அளவு என்னும் நான்காவது கூறு அத்துணைக் கவனம் பெறவில்லை. ஒருவர் எழுதும்போதும் திருத்தும்போதும் அவர் கண்முன் எவ்வளவு பரப்பு விரிந்து கிடக்கிறது, அப்பரப்பில் எத்தனை வரிகள் ஒருசேரத் தென்படுகின்றன, ஒரு வரியில் எத்தனை எழுத்துகள் அடங்குகின்றன என்பன பாடத்தின் செம்மையோடு நேரடித் தொடர்புடையன. ஓலையில் எழுதிய காலத்தும் அச்சில் ஏற்றிய காலத்தும் உண்மையாயிருந்த இது, இணையப் பக்கங்களில் பாடங்களைத் திருத்துவதற்குத் தரப்படும் உரைப்பெட்டிக்கும் பொருந்தும். அப்பெட்டியின் அளவு எங்கிருந்து வந்தது, அவ்வளவு தமிழ் எழுத்துக்கு இசைந்ததா, இசையாதாயின் விளையும் கேடு யாது என்பனவற்றைத் திருவனந்தபுரத்தின் ஓலை ஆவணங்களைப் பின்புலமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழவங்காடியும் கோட்டை ஆவணங்களும்

அங்காடி என்னும் பழந்தமிழ்ச் சொல்லைத் தன் பெயரில் தாங்கிய பழவங்காடி, திருவனந்தபுரத்தின் கிழக்குக் கோட்டை வாயிலை அடுத்துள்ள பகுதியாகும். அங்குள்ள பிள்ளையார் கோயில் நகரெங்கும் அறியப்பட்டது. அதனை அடுத்துள்ள சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றனர். பழவங்காடியிலிருந்து வாயிலைக் கடந்து கோட்டைப் பகுதிக்குள் சென்றால் பத்மநாபசுவாமி கோயிலும், கேரள அரசின் ஆவணக்காப்பகத் துறையைச் சார்ந்த மைய ஆவணக்காப்பகமும் உள்ளன. கோயிலின் மதிலக ஆவணங்கள் உள்ளிட்ட ஓலைச்சுவடிகள் இக்காப்பகத்தில் பேணப்படுகின்றன. ஓலைகளைச் சுருளாகச் சுற்றிக் கட்டிய கட்டுகள் ‘சுருணை’ எனப்படும். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் முதலிய எழுத்துகளில் இவ்வாவணங்கள் அமைந்துள்ளன. 2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இக்காப்பகத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்துவைக்கப்பட்டது. எட்டுக் காட்சிக்கூடங்களில் 187 சுவடிகள் காட்சிப்படுத்தப்பட்டன.

இவ்வாவணங்கள் தமிழாய்வுக்குப் புறம்பானவை அல்ல. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணையும்வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் ஆட்சிக்கும், பின்னர்த் திருவிதாங்கூர்–கொச்சியின் ஆட்சிக்கும் உட்பட்டிருந்தது. ஆகவே அந்நாட்டின் நிலம், நீர், வரி, குடிகள் பற்றிய செய்திகளைத் தேடுவோர் திருவனந்தபுரத்து ஓலைகளை நாடவேண்டியவராகின்றனர். ஓலையிலுள்ளதைத் தாளில் படியெடுத்துத் தருவோர் இல்லையெனில் இவ்வரலாறு வெளிப்படாது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் படியெடுத்து ஆராய்ந்தமையால்தான் நாஞ்சில் நாட்டுச் சமூக வரலாற்றின் பல கூறுகள் ஆய்வுலகுக்கு எட்டின.

திருவனந்தபுரம் தமிழ்ப் பதிப்பியலுக்கும் ஆய்வுக்கும் களமாக விளங்கிய நகரமுமாகும். பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) இங்கிருந்தே கல்வெட்டுகளைத் திரட்டித் திருவிதாங்கூரின் பண்டை வேந்தர்களைப் பற்றிய ஆங்கில ஆய்வை 1894இல் வெளியிட்டார். ச. வையாபுரிப்பிள்ளை 1951இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் தலைமையை ஏற்றார். வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இந்நகரம் பின்னாளில் கணினித் துறையிலும் தடம் பதித்தது. 1990இல் டெக்னோபார்க் தொடங்கப்பெற்றது. 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்நகரிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. ஓலையும் கணினியும் அருகருகே இருக்கும் இத்தகைய இடத்தில் எழுதுபரப்பின் அளவு பற்றிய வினா எழுவது இயல்பேயாகும்.

ஓலையின் அளவு வகுத்த எழுத்துமுறை

ஓலையின் அளவை மரமே வகுத்தது. பனையோலையின் அகலம் பெரும்பாலும் மூன்று, நான்கு செ.மீ. அளவிலேயே அமையும். கூந்தற்பனை ஓலை அதனினும் அகன்றது. நீளத்தை எழுதுவோர் ஓரளவு தேர்ந்துகொள்ள முடிந்தது. அகலத்தை மிகுக்க இயலவில்லை. எனவே ஓலையில் வரிகளின் எண்ணிக்கை குறைவு. ஒவ்வொரு வரியும் மிக நீளமானது. ஐந்து முதல் எட்டு வரிகள் கொண்ட ஏட்டில் ஒரு வரியானது அச்சு நூலின் இரண்டு, மூன்று வரிகளுக்கு நிகராக அமைவதைச் சுவடிகளில் காணலாம்.

இக்குறுகிய பரப்பு எழுத்துமுறையையும் பாதித்தது. செய்யுளை அடி பிரித்து எழுதும் வழக்கம் ஓலையில் இல்லை. உரைநடைபோலத் தொடர்ந்தே எழுதினர். சொற்களுக்கிடையே இடைவெளி விடப்படவில்லை. எழுத்தாணியால் குத்தும் புள்ளி ஓலையைக் கிழிக்கும் என்பதனால் மெய்யெழுத்துகள் புள்ளியின்றியே நின்றன. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில் அமைந்தன. இடத்தின் சிக்கனத்துக்காகவும் பொருளின் தன்மைக்காகவும் ஏற்கப்பட்ட இவ்வழக்கங்களே பின்வந்த பதிப்பாசிரியர்களுக்குப் பெருஞ்சுமையாயின. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் அடி பிரித்தும், சொல் பிரித்தும், புள்ளியிட்டும் பாடத்தை நிறுவுவதற்குப் பட்ட பாடு தமிழுலகம் அறிந்ததே.

எனினும் ஓலைக்கு ஒரு நன்மை உண்டு. ஓர் ஏட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே நோக்கில் கண்ணுக்குப் புலனாகும். முதல் வரிக்கும் இறுதி வரிக்கும் இடைப்பட்ட தொலைவு நான்கு விரற்கிடைக்கு மேற்படாது. படியெடுப்பவர் தாம் எங்கு நிற்கிறார் என்பதை இழப்பதில்லை. எழுதுபரப்பு சிறிதாயினும் மறைவற்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இணையப் பெட்டியை மதிப்பிடுவதற்கு இக்கருத்தே அளவுகோலாக அமைகின்றது.

அச்சுப் பக்கமும் விளிம்பும்

தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டுக் கிடைக்கும் முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கங்களே கொண்ட சிறு நூல் அது. ஓலையின் நீள்வரி மறைந்து, பலவரி கொண்ட பக்கம் தமிழுக்கு அறிமுகமானதற்கு அந்நூல் சான்றாகும்.

அச்சுக்காலத்தில் பரப்பின் அளவு எழுத்துருவின் அளவோடு பிணைந்தது. தொடக்ககாலத் தமிழ் அச்செழுத்துகள் பெரியன. சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் மேற்பார்வையில் சிறிய, தெளிவான தமிழ் அச்செழுத்துகள் உருவானபின், 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி போன்ற பெருநூல்களைக் கையடக்கமான அளவில் அச்சிடுவது எளிதாயிற்று. அகராதியின் பரப்பைத் தமிழ் எழுத்தின் அளவை ஒட்டியே அச்சகத்தார் திட்டமிட்டனர் என்பது கருதத்தக்கது.

அச்சு தந்த மற்றொரு வசதி விளிம்பு. பக்கம் பிரிப்பதற்கு முன் எடுக்கப்படும் நீண்ட மெய்ப்புத்தாளில் இருபுறமும் வெற்றிடம் விடப்பட்டது. திருத்துவோர் பிழையை வரியிலே சுட்டித் திருத்தத்தை விளிம்பிலே எழுதினர். அதனால் மூலமும் திருத்தமும் ஒருங்கே கண்முன் நின்றன. கல்வெட்டுப் பதிப்புகளில் கல்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எண் இடும் மரபும் இத்தகையதே. மூலத்தின் வரி எங்கு முடிகிறது என்பதைப் படி காட்டவேண்டும் என்பது அம்மரபின் அடிப்படை. மூலத்தை இழக்காமல் திருத்துதல் என்னும் இக்கொள்கை இணையத்துக்கு வரும்போது என்னவாயிற்று என்பதை அடுத்துக் காணலாம்.

எண்பது நிரல்: ஓர் அளவின் வரலாறு

டிம் பெர்னர்ஸ்–லீ 1990இல் உருவாக்கிய முதல் இணைய உலாவி, பக்கங்களைப் படிப்பதற்கேயன்றி எழுதுவதற்கும் உரியதாக இருந்தது. படிக்கும் பக்கத்திலேயே கையை வைத்துத் திருத்தலாம்; தனிப்பெட்டி தேவைப்படவில்லை. பின்னர்ப் பரவிய உலாவிகள் படிப்பதற்கு மட்டுமே ஆயின. வாசகரிடமிருந்து செய்தி பெறுவதற்குப் படிவங்கள் என்னும் ஏற்பாடு வந்தது. பலவரி எழுதுவதற்கான உரைப்பெட்டி அப்படிவத்தின் ஓர் உறுப்பாகும். அதாவது, இன்று கட்டுரைகளும் நூல்களும் திருத்தப்படும் பெட்டி, பாடங்களைத் திருத்தும் பணியை முதன்மையாகக் கருதி அமைக்கப்பட்டதன்று. படிவத்தை நிரப்புதற்கென அமைந்தது.

1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறையில் இப்பெட்டிக்கு நிரை, நிரல் என்னும் இரண்டு எண்களைக் கட்டாயம் தரவேண்டும் என விதிக்கப்பட்டது. நிரை என்பது கண்ணுக்குத் தெரியும் வரிகளின் எண்ணிக்கை. நிரல் என்பது ஒரு வரியில் அடங்கும் எழுத்திடங்களின் எண்ணிக்கை. பிற்கால வரையறையின்படி எண் எதுவும் தரப்படாவிடில் இருபது நிரலும் இரண்டு நிரையும் கொண்டதாகப் பெட்டி அமையும். நாற்பது எழுத்திடங்கள் கொண்ட அச்சிறு பெட்டியில் ஒரு வெண்பாவும் முழுமையாகத் தோன்றாது.

விக்கி முறையை வார்டு கன்னிங்காம் 1995 மார்ச்சில் அறிமுகப்படுத்தினார். எவரும் பக்கத்தைத் திருத்தலாம் என்னும் அம்முறை இவ்வுரைப்பெட்டியைத் தன் கருவியாகக் கொண்டது. விக்கிப்பீடியா 2001லும் தமிழ் விக்கிப்பீடியா 2003லும் தொடங்கின. அவற்றை இயக்கிய மீடியாவிக்கி மென்பொருளில் தொகுப்புப் பெட்டி 25 நிரையும் 80 நிரலும் கொண்டதாக இயல்பாக அமைக்கப்பட்டிருந்தது. பயனர் தம் விருப்பத் தேர்வுகளில் இவ்விரு எண்களையும் மாற்றிக்கொள்ளவும் அந்நாளில் வழி இருந்தது.

எண்பது என்னும் எண் எங்கிருந்து வந்தது? 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய துளையட்டையில் எண்பது நிரல்கள் இருந்தன. அவ்வட்டையில் செய்தி பதித்துப் பழகிய கணினித்துறை, பின்னாளில் திரை கொண்ட முனையங்களை அமைத்தபோதும் அவ்வெண்ணையே தொடர்ந்தது. 1978இல் வந்த வி.டி.100 முனையத்தின் திரை எண்பது நிரலும் இருபத்து நான்கு நிரையும் உடையது. அதன் எழுத்துகள் அனைத்தும் ஒரே அகலமுடையன; ஆதலின் ‘ஒரு நிரல் ஓர் எழுத்து’ என்னும் சமன்பாடு அங்கே பொருந்தியது. துளையட்டையின் எண், முனையத்தின் வழியே இணையப் பெட்டியை அடைந்தது. ஓலைக்குப் பனை வகுத்த அளவு எவ்வாறு மாற்றவியலாததாகக் கருதப்பட்டதோ, அவ்வாறே பெட்டிக்கு அட்டை வகுத்த அளவும் இயல்பானதாகக் கொள்ளப்பட்டது. முன்னது இயற்கையின் வரையறை. பின்னது வழக்கத்தின் எச்சம். வழக்கத்தின் எச்சமாதலின் அதனை மாற்றலாம் என்பது பெறப்படுகின்றது.

தமிழ் எழுத்தும் நிரலும்

தமிழிலக்கணம் எழுத்தை ஒலியின் கால அளவால் அளக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது தொல்காப்பியம் தரும் அளவு. எழுத்து வடிவம் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதற்கு இலக்கணத்தில் அளவில்லை, தேவையும் எழவில்லை. கணினியோ எழுத்தை இடத்தால் அளக்கிறது. இவ்விரு அளவைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

‘தமிழ்’ என்னும் சொல்லில் தமிழறிந்தவர் காண்பது மூன்று எழுத்துகள். ஒருங்குறியில் அது ஐந்து குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. ‘பதிப்பிக்கப்பட்டிருக்கின்றமையால்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால், எழுத்துகள் 18; குறியெண்கள் 32; துணையெழுத்துகளையும் தனித்தனியே எண்ணினால் வரியில் இடம் கொள்ளும் வடிவங்கள் 20. ஒரே சொல்லுக்கு மூன்று கணக்குகள் வருகின்றன. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஏறத்தாழ ஒன்றேயாதலின் அங்கே சிக்கல் எழுவதில்லை.

மேலும், நிரலின் அகலத்தை உலாவி இலத்தீன் எழுத்தின் அகலத்தை ஒட்டியே கணிக்கிறது. உரைப்பெட்டிகளில் தட்டச்சுப்பொறி எழுத்துப்போன்ற ஒரேயகல எழுத்துருவே இயல்பாக வழங்கியது. அவ்வெழுத்துருவில் தமிழ் இல்லாமையால், விண்டோஸ் 2000 முதற்கொண்டு இயங்குதளத்தோடு வந்த லதா போன்ற வேறொரு எழுத்துருவிலிருந்து தமிழ் எழுத்துகள் பெறப்பட்டன. ண, ஞ, ஐ, ஔ போன்றவை இலத்தீன் எழுத்தைவிட மிக அகன்றவை. ஆகவே எண்பது நிரல் எனக் குறிக்கப்பட்ட பெட்டியில் எண்பது தமிழ் எழுத்துகள் அடங்குவதில்லை.

எழுத்துச் சீர்திருத்தமும் இங்கு நினைக்கத்தக்கது. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தத்தால் ணா, றா, னா, லை, ளை முதலியன முன்பிருந்த ஒற்றை வடிவத்தை விட்டுத் துணையெழுத்தோடு கூடிய இரண்டு வடிவங்களாயின. கற்றலும் அச்சுக்கோத்தலும் எளிதாயின என்பது உண்மை. அதனோடு வரியின் நீளமும் சற்றே கூடியது.

நிரைக்கும் இது பொருந்தும். தமிழ் எழுத்துகளுக்கு மேலே புள்ளியும் விலங்கும் சுழியும் அமைகின்றன. கீழே உகர ஊகாரக் குறிகள் தொங்குகின்றன. இலத்தீன் எழுத்துக்கு ஏற்ற வரியிடைவெளியில் தமிழை எழுதினால் மேல்வரியின் உகரக்குறியும் கீழ்வரியின் புள்ளியும் நெருங்கி மயக்கம் தருகின்றன. புள்ளி இருப்பதும் இல்லாததும் பொருளை மாற்றும் மொழியில் இது சிறு குறையன்று.

அனைத்துலக அளவில் இதற்கான நெறி ஒன்று உண்டு. 2008 டிசம்பரில் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டி 2.0, படிப்பதற்குரிய உரைவரி எண்பது எழுத்துகளுக்கு மேற்படாதிருத்தலை உயர்நிலை வரையறையாகக் கூறுகிறது. சீன, சப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு மட்டும் அது நாற்பது எனக் குறைக்கப்பட்டுள்ளது. அவ்வெழுத்துகளின் அகலம் கருதப்பட்டதைப்போலத் தமிழ் எழுத்துகளின் அகலம் தனியே கருதப்படவில்லை. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகையும் எழுத்துருக் குறியேற்றமும் தரப்படுத்தப்பட்டன. தமிழ்க் கணிமையின் பெரும்பாலான விவாதங்கள் அவ்விரண்டைப் பற்றியே அமைந்தன. எழுத்தை எப்படி உள்ளிடுவது, எப்படிச் சேமிப்பது என்பன ஆராயப்பட்ட அளவுக்கு, எவ்வளவு பரப்பில் அதனைக் கண்டு திருத்துவது என்பது ஆராயப்படவில்லை.

பெட்டியின் சிறுமை விளைவிக்கும் பிழைகள்

பெட்டி சிறிதாயின் எழுதுவோர்க்குச் சலிப்பு உண்டாகும் என்பதோடு இது முடிந்துவிடுவதில்லை. பாடத்திலேயே பிழை புகுகின்றது. அப்பிழைகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பார்வைத் தாவல். ஒரே சொல்லால் தொடங்கும் அல்லது முடியும் இரண்டு வரிகளுள் ஒன்றைக் கண் தாண்டிச் செல்லுதல் ஏடெழுதுவோரிடமும் காணப்பட்ட பிழையே. பெட்டியில் சில வரிகளே தெரியும்போது திருத்துவோர் உருள்பட்டையை நகர்த்தி நகர்த்திப் படிக்கவேண்டியுள்ளது. ஒவ்வொரு நகர்விலும் நின்ற இடம் தவறுகிறது. பெட்டிக்கு ஓர் உருள்பட்டையும் பக்கத்துக்கு மற்றோர் உருள்பட்டையும் அமைந்து, ஒன்றை நகர்த்த மற்றொன்று நகரும்போது இப்பிழை பெருகுகின்றது.

இரண்டாவது, அடிமயக்கம். நாற்சீர் கொண்ட ஆசிரிய அடி பெட்டியின் அகலத்துக்குள் அடங்காவிடில் மூன்றாம் சீரிலேயே மடிந்து அடுத்த வரிக்குச் செல்லும். அம்மடிப்பு கண்ணுக்கு மட்டும் தோன்றுவது; பாடத்தில் இல்லாதது. எனினும் யாப்பறியாதவர் அதனை அடியின் முடிவாகக் கொண்டு அங்கே வரியை முறித்துவிடுதல் கூடும். ஓலையில் அடிபிரிப்பு இன்மையால் நேர்ந்த இடர் இவ்வாறு வேறு வடிவில் திரும்புகின்றது.

மூன்றாவது, வலிந்த மடிப்பு. உரைப்பெட்டி மடித்துக் காட்டும் இடங்களிலெல்லாம் உண்மையான வரிமுறிவைச் சேர்த்து அனுப்புமாறு அமைக்கவும் எச்.டி.எம்.எல். இடந்தருகிறது. அவ்வாறு அமைத்தால் பெட்டியின் அகலமே பாடத்தின் வரியமைப்பாகிவிடும். பெட்டி மறைந்தபின்னும் அதன் அளவு பாடத்தில் தங்கிவிடுகிறது.

நான்காவது, சூழலிழப்பு. முன்பத்தியில் ஒருவர் பெயர் எவ்வாறு எழுதப்பட்டது, மேற்கோள்குறி எங்குத் திறக்கப்பட்டது, எழுவாய் ஒருமையா பன்மையா என்பன கண்ணிலிருந்து மறைந்துவிடுவதால் சொல்வடிவ ஒருமையும் தொடரியைபும் கெடுகின்றன. தமிழ்த் தொடரில் பயனிலை இறுதியில் வருதலின், நீண்ட தொடரின் எழுவாயும் பயனிலையும் ஒருங்கே தெரியவேண்டியது இன்றியமையாதது. கைப்பேசியில் எழுதுவோர்க்கு விசைப்பலகை திரையின் கீழ்ப்பகுதியை அடைத்துக்கொள்வதால் இவ்விழப்பு இன்னும் மிகுதியாகிறது.

அளவு பெரிதாயினும் குறையுண்டு. அகன்ற திரை முழுவதையும் பெட்டி அடைத்துக்கொண்டால் வரி மிக நீண்டு, ஒரு வரியின் இறுதியிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் திரும்பும்போது வழி தவறுகிறது. எனவே வசதியான அளவு என்பது பெருமையால் அமைவதன்று. செய்யும் பணிக்குப் பொருந்துவதால் அமைவது.

பயனர் கைக்கு வந்த அளவு

பெட்டியின் அளவு பக்கத்தை அமைப்போர் கையிலிருந்து சிறிது சிறிதாகப் பயனர் கைக்கு வந்துள்ளது. 2007இல் வெளியான சஃபாரி 3 உலாவியில் பெட்டியின் கீழ்மூலையைப் பற்றி இழுத்துப் பெரிதாக்கும் வசதி இடம்பெற்றது. 2011இல் ஃபயர்ஃபாக்சு 4 அவ்வசதியை ஏற்றது. மீடியாவிக்கியில் எண்களால் நிரை நிரல் குறிக்கும் விருப்பங்கள் பின்னர் நீக்கப்பட்டு, பெட்டியின் அகலம் திரையை ஒட்டி அமையலாயிற்று. 2013இல் விக்கிப்பீடியாவில் பரவலாக்கப்பட்ட காட்சித் தொகுப்பியில், படிக்கும் பக்கத்தின் தோற்றத்திலேயே திருத்தும் முறை வந்தது. 1990இல் தொடங்கிய கருத்து இருபதாண்டுகளுக்குப்பின் மீண்டும் உயிர்பெற்றது எனலாம். எழுதப்படும் உரைக்கு ஏற்பப் பெட்டி தானே வளரும் பண்பு 2024இல் குரோம் உலாவியில் நேரடியாக இடம்பெற்றது. அதற்கு முன்னர் அதனைத் தனி நிரல்வரிகள் எழுதியே பெறவேண்டியிருந்தது.

இவ்வளர்ச்சியின் பொருள் தெளிவானது. ஏடெழுதியவர் பரப்புக்கு ஏற்ப எழுத்தை அமைத்தார்; இன்று எழுத்துக்கு ஏற்பப் பரப்பை அமைக்க முடிகிறது. முடிந்தும் அமைக்காவிடில் அது கருவியின் குறையாகாது, அமைப்போரின் கவனக்குறையாகும்.

ஓலையைப் படியெடுப்பதற்கு ஏற்ற பெட்டி

தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. அங்கே நூற்பக்கத்தின் படம் ஒருபுறமும் உரைப்பெட்டி மறுபுறமும் அமைகின்றன. அச்சுப்பக்கம் நெடியதாதலின் இவ்வமைப்பு பொருத்தமானது. மூலமும் படியும் ஒருங்கே தெரிகின்றன. மெய்ப்புத்தாளின் விளிம்பு வேறொரு வடிவில் இங்கு மீள்கிறது.

ஆனால் கோட்டையிலுள்ள ஓலைகளைப் போன்றவற்றை இதே அமைப்பில் படியெடுக்க முற்பட்டால் இடர் எழும். ஓலையின் படம் மிக நீண்டு ஒடுங்கியது. அதனைத் திரையின் பாதியில் அடக்கினால் எழுத்துகள் புலனாகா. பெரிதாக்கினால் வரியின் ஒரு பகுதியே தெரியும். அருகிலுள்ள குறுகிய பெட்டியில் ஓலையின் ஒரு வரி மூன்று, நான்காக மடியும். எந்த மடிப்பு ஓலையின் எவ்விடத்துக்கு நிகர் என்பதைக் காண்பது அரிதாகிவிடும். இதற்குத் தீர்வு பெட்டியைப் படத்தின் கீழே, திரையின் முழு அகலத்துக்கு அமைத்தலாகும். படத்தை மேலும் பெட்டியைக் கீழுமாக மாற்றிக்கொள்ளும் வசதி விக்கிமூலத்தின் மெய்ப்புக் கருவியிலேயே உள்ளது. அதனோடு ஓலையின் ஒரு வரிக்குப் பெட்டியின் ஒரு வரி என்னும் நெறியும், ஓலையில் உள்ள வரிகளின் எண்ணிக்கையளவு நிரையும், வரிதோறும் எண்ணும் அமையுமாயின், கல்வெட்டுப் பதிப்பின் மரபும் ஏட்டின் வசதியும் ஒருங்கே கைகூடும். ஏழு வரி கொண்ட ஏட்டுக்கு ஏழு நிரை போதும், இருபத்தைந்து தேவையில்லை. தேவைப்படுவது அகலமேயாகும்.

மாறாக, உரைநடைக் கட்டுரையைத் திருத்துவோர்க்கு அகலம் குறைந்தும் உயரம் மிகுந்தும் பெட்டி அமையவேண்டும். செய்யுளைத் திருத்துவோர்க்கு மிக நீண்ட அடியும் மடியாத அகலம் வேண்டும். ஒரே எண்ணால் இம்மூன்றையும் நிறைவு செய்ய இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. எழுதுபரப்பின் அளவு பாடத்தின் செம்மையைப் பாதிக்கும் ஒரு காரணி. ஓலை, அச்சுப்பக்கம், இணையப் பெட்டி ஆகிய மூன்றிலும் இது மெய்ப்படுகின்றது.

2. இணையத் தொகுப்புப் பெட்டியின் எண்பது நிரல் அளவு துளையட்டையிலிருந்தும் ஒரேயகல இலத்தீன் எழுத்திலிருந்தும் வந்தது. தமிழ் எழுத்தின் அகலத்தையோ உயரத்தையோ கருதி வகுக்கப்பட்டதன்று.

3. எழுத்து, குறியெண், வடிவம் ஆகிய மூன்று கணக்குகளும் தமிழில் வேறுபடுவதால், வரியளவைத் தமிழுக்கெனத் தனியே வரையறுத்தல் தேவையாகின்றது. வடிவங்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

4. சிறிய பெட்டி பார்வைத் தாவல், அடிமயக்கம், வலிந்த மடிப்பு, சூழலிழப்பு ஆகிய பிழைகளுக்கு இடந்தருகிறது. இவற்றுள் முதலிரண்டும் ஓலைக்காலப் பிழைகளோடு ஒப்புநோக்கத்தக்கன.

5. பெட்டியின் அளவு திருத்தப்படும் பாடத்தின் வகையைப் பொறுத்து அமையவேண்டும். ஓலைப்படிக்கு அகலமும், உரைநடைக்கு உயரமும், செய்யுளுக்கு அடி மடியாமையும் முதன்மையானவை.

கோட்டைச் சுருணைகளுள் படியெடுக்கவேண்டியவை மிகப் பல. அவற்றைப் படிக்கவல்லோரோ மிகச் சிலர். அச்சிலரது கண்ணும் காலமும் உருள்பட்டையை நகர்த்துவதில் கழிந்துவிடாமல் காப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கருவியை அமைப்போரிடம் ‘தமிழ் வரி இவ்வளவு நீளமுடையது’ என்று அளந்து சொல்வார் தேவை. அவ்வளவைச் சொல்லும் பொறுப்பு கணினி வல்லுநரைவிட எழுத்தும் யாப்பும் சுவடியும் அறிந்த தமிழ்த்துறையினருக்கே முதற்கண் உரியதாகும்.